வசனம் மறந்த வெள்ளாடு

அத்தியாயம் 5

“எங்க ஹீரோ காலையில இருந்து வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க சார். ஒடனே வர முடியுங்களா?”

போனில் அந்தப் பெண் அழாத குறையாகச் சொன்னபோது, துப்பறிவாளர் மகுடேஸ்வரன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, ‘ஹீரோ யாருங்க?’ என்பதுதான். அதை விட்டுவிட்டு, “சினிமா சூட்டிங்குங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி என்றாள். அவள் விலாசம் சொல்லி முடிப்பதற்குள் மகுடேஸ்வரன் ஒரு பக்க மீசைக்கு மை போட்டு முடித்திருந்தார்.

யாரோ பெரிய நடிகர். மிரட்டலாக இருக்கலாம். காதல் விவகாரமாகவும் இருக்கலாம். படம் வெளிவரும்போது ‘நன்றி: துப்பறிவாளர் மகுடேஸ்வரன், திருப்பூர்’ என்று ஒரு வரி ஓடும். தன் வாழ்க்கை திரும்பப் போகிற இடம் இதுதான் என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. போன அத்தியாயத்தில் சோமனூர் மாப்பிள்ளையின் நடத்தையை விசாரிக்கக் கிளம்பியபோதும் அப்படித்தான் பட்டது. சளைக்காமல் பின்தொடர்ந்தார். கடைசியில் பார்த்தால் அவன் வேறு யாருக்கோ நிச்சயமான மாப்பிள்ளை. நல்ல பையன். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். மகுடேஸ்வரனும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இப்போது அவர் முன்னால் நின்ற ஹீரோவுக்கு நாலு கால்.

கறுப்பு வெள்ளாடு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. உடம்பில் காக்கி டீ சர்ட், தோளில் துணியில் வெட்டித் தைத்த நட்சத்திரங்கள். மகுடேஸ்வரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது அவருடைய தீபாவளிச் சட்டையின் கீழ்ப் பொத்தானைத் தின்ன ஆரம்பித்தது.

“ஹீரோவுக்கு உங்களைப் புடிச்சுப் போச்சுண்ணே” என்றாள் நாகஜோதி. “உங்களைன்னா, உங்க சட்டையை.”

நாகஜோதி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவள். ஓவர்லாக் மெஷினில் அவள் தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் க்யூ.சி.யாக அதே கம்பெனியில் மகுடேஸ்வரன் இருந்தார். ஓட்டை இருந்த பீஸை ஒதுக்கினார், சரி. ஓட்டையில்லாத பீஸையும் சந்தேகத்தின் பேரில் ஒதுக்கினார். அப்படி ஒதுக்கி ஒதுக்கி, சரக்கு கிளம்பும் நாளில் ஒரு கண்டெய்னரையே நிறுத்திவிட்டதால் கம்பெனி அவரை ஒதுக்கியது. சந்தேகப்படுவதற்கென்றே ஒரு தொழில் இருப்பது அதற்கப்புறம்தான் அவர் நினைவுக்கு வந்தது. அந்தத் தொழிலுக்கு நாகஜோதி ஏன் கூடவே வந்தாள் என்பது அவர் இன்றுவரை தீர்க்காத வழக்கு.

“சொல்லுங்க அம்மிணி” என்றார், பொத்தானை ஆட்டின் வாயிலிருந்து மீட்டுக்கொண்டே.

அம்மிணியின் பெயர் தேஜஸ்ரீ. இந்தக் கம்பெனி முதலாளி கிட்டுசாமியின் ஒரே மகள். கோயமுத்தூரில் சினிமாப் படிப்பு படித்துவிட்டு, குழந்தைகளுக்காக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய சாம்பிள் டீ சர்ட் ஒன்று காணாமல் போகிறது. கண்டுபிடிக்க வருகிறவர் இன்ஸ்பெக்டர் தழைச்சாமி, அதாவது ஆடு. உதவிக்கு ஒரு நாட்டு நாய். சந்தேகத்துக்கு ஒரு வாத்து. எல்லாமே பேசும்.

“பேசும்னா?”

“வாயி மட்டும் அசைஞ்சாப் போதுங்க சார். வசனத்தை அப்புறமேட்டுக்கு டப்பிங்ல போட்டுக்குவோம். சிட்டுவோட, அதான் இந்த ஆட்டோட, வாயில ஒரு வேலங்காயை வெச்சா, காமெராவை நேராப் பாத்துட்டு ஒதட்டை இப்படி இப்படி அசைச்சு, நிறுத்தி நிதானமா மெல்லும். அச்சு அசலாப் பேசற மாதிரியே இருக்குங்க. அதுக்கு மேல நடிப்பே கெடையாது.”

“நெறைய ஹீரோங்க அம்புட்டுதான் பண்றாக” என்றாள் நாகஜோதி.

“இன்னைக்கு எத்தனை காய் குடுத்தாலும் அப்படியே முழுங்குதுங்க. ஆக்சன் சொன்னா எனக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்குது. வசனப் பேப்பரை ரெண்டு பக்கம் தின்னுடுச்சு. அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுக்கறோம் சார். அன்னைக்குத்தான கம்பெனி லீவு? இத்தனை நாளா ஒரு ரீடேக் கூட வாங்காத ஆடுங்க.”

அவள் குரல் தாழ்ந்தது.

“இன்னைக்கோட சரின்னுட்டாருங்க எங்கப்பா. நாளையில இருந்து ஆர்டர் அவசரம், ஞாயித்துக்கிழமையும் ஷிப்டாம். இன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள கிளைமாக்ஸ் முடியோணும். இல்லைன்னா காமெராவை மூட்டை கட்டிட்டு நாளைக்கு ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசிங் டேபிள்ல வந்து ஒக்காருன்னுட்டாரு. அந்த டேபிள்ல ஒருதடவை ஒக்காந்துட்டா நான் எந்திரிக்கவே மாட்டேன் சார். எனக்குத் தெரியும்.”

கிளைமாக்ஸ் என்னவென்று அவள் கைகாட்டினாள். கட்டிங் டேபிளுக்கு அப்பால் துணிப் பொதிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன் உச்சியிலிருந்து இன்ஸ்பெக்டர் தழைச்சாமி திருடனின் மேல் குதிக்க வேண்டும்.

மகுடேஸ்வரன் ஆட்டின் முன்னால் குந்த வைத்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது அவர் அப்படித்தான் உட்காருவார். பார்க்கிறவர்களுக்கு யோசிப்பது போலத் தெரியும். தாடி, கொம்பு, காது எல்லாம் பார்த்தார். ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இலையில் வந்த பிறகு தெரிந்ததுதான். நெற்றிச் சுட்டியைத் தடவினார்.

கை நின்றது.

பதினைந்து வருஷம் பனியன் தடவிய விரல். அந்த விரல் பொய் சொன்னதில்லை. அவர் இரண்டு கட்டை விரலையும் சுட்டியின் இரு ஓரத்தில் வைத்து, டீ சர்ட் நெஞ்சில் பிரிண்ட்டைச் சோதிப்பது போல மெதுவாக விலக்கினார். சுட்டியின் நடுவில் மெல்லிசாக ஒரு விரிசல் ஓடியது.

“ரப்பர் பிரிண்ட்டுங்க” என்றார்.

“என்னதுங்க?”

“கறுப்புத் துணியில வெள்ளை எழுத்துப் போடறாங்கள்ல, அந்தப் பசை. சூடு காட்டாமக் காத்துல காய விட்டிருக்காங்க. அதான் இழுத்தா வெடிக்குது. நானா இருந்தா இந்த ஆட்டை ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.” எழுந்தார். முழங்கால் சொடக்கியது. “அம்மிணி, உங்க ஹீரோ வசனத்தை மறக்கலைங்க. இது உங்க ஹீரோவே இல்லை.”

தேஜஸ்ரீ தூணைப் பிடித்துக்கொண்டாள். வாத்து எதையோ சொல்லிவிட்டுப் போனது.

“படத்துல பக்கம் பக்கமாப் பேசுது. நமக்கு வாக்குமூலம் குடுக்கன்னா மட்டும் இவ்வளவுதான்” என்றாள் நாகஜோதி. ஆனால் அவள் பார்வை ஆட்டின் சட்டையில் இருந்தது. அது வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து தையலைத் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, இங்க பாருங்க. ரெண்டு பக்கமும் துணிப் பட்டி விட்டுத் தச்சிருக்கு. ஒரு தடவையில்ல. தச்சு, பிரிச்சு, இன்னும் அகலமாத் தச்சு, மறுபடியும் பிரிச்சிருக்கு. இந்தச் சட்டைக்காரரு ஊதிக்கிட்டே போயிருக்காரு.”

“அது எங்கம்மா தச்சதுங்க” என்றாள் தேஜஸ்ரீ. “ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை டைட்டாகுதுன்னு அவங்களே மாத்திக் குடுத்துருவாங்க. நான் ஆட்டோட வாயை மட்டுந்தாங்க பாத்துட்டு இருந்தேன்.”

இந்த இடத்தில் மகுடேஸ்வரனின் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை. நடக்கும்போதும் சரியான திசையில் நடக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆடு கொழுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஆட்டை யார் கொழுக்க வைப்பார்கள்? எதற்காகக் கொழுக்க வைப்பார்கள்? படம் நிற்க வேண்டும் என்று யார் நினைக்கிறார்கள்? அவர் கேள்விகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோதே, கம்பெனியின் பின்பக்கத்திலிருந்து பட்டை, கிராம்பு, புதினா மணம் வந்தது.

“அது என்னங்க வாசம்?”

“அப்பா பிரியாணி போடச் சொல்லியிருக்காருங்க. இன்னைக்குக் கடைசி நாள்ங்கறதால எல்லாருக்கும் விருந்து.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேஜஸ்ரீ பின்பக்கம் வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“வெரசா வாங்கண்ணே” என்றாள் நாகஜோதி. “ஹீரோ இன்னும் பாதி வேக்காட்டுலயாச்சும் இருக்காரான்னு பாப்போம்.”

*

கிட்டுசாமி அண்டாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டையாக விபூதி.

மகுடேஸ்வரன் இந்தக் காட்சியைப் பல வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார். குற்றவாளி முன்னால் போய் நிற்பது. ஒரு நிமிஷம் மௌனம். பிறகு சுட்டுவிரல். ஒத்திகையில் அடுப்புப் புகை இருந்ததில்லை. அவர் விரலை நீட்டியபோது தும்மல் வந்துவிட்டது.

“நூறு வயசுங்க” என்றார் கிட்டுசாமி. “நீங்க ஆருங்க?”

“துப்பறிவாளர் மகுடேஸ்வரனுங்க. உங்க மக எடுக்கற படத்தை நிறுத்தறதுக்கு, அஞ்சு மாசமாத் திட்டம் போட்டு, சிட்டுவுக்குத் தீனி வெச்சு, ஒடம்பைத் தேத்தி, இன்னைக்கு அதுக்குப் பதிலா வேற ஆட்டை நிறுத்திட்டு, அதை...” அண்டாவைப் பார்த்தார்.

கிட்டுசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து போய் அண்டா மூடியைத் திறந்தார். ஆவி விலகியது. கரண்டியால் அடியிலிருந்து ஒரு அள்ளு அள்ளி, மகுடேஸ்வரனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

காளான். குட்டிக் குட்டிக் குடையாக, வெள்ளை வெளேரென்று காளான்.

“இன்னைக்குக் கிருத்திகைங்க” என்றார் கிட்டுசாமி. “கிருத்திகையன்னைக்குக் கறியாக்கற ஊடுங்களா இது? முருகனுக்கு அடுக்குமா?”

மகுடேஸ்வரன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். நாகஜோதி கேட்டாள்: “குத்தவாளி காளான்தான்னு எழுதிக்கலாமாண்ணே?”

“ஆட்டை மாத்திட்டாங்கன்னா சொல்றீங்க?” கிட்டுசாமி கரண்டியை வைத்தார். “அப்ப இன்னைக்குக் கடைசி சீன் எடுக்க முடியாதுங்களா?”

“முடியாதுங்க.”

கிட்டுசாமி அண்டாவை மெதுவாக மூடி வைத்தார். சந்தோஷமா வருத்தமா என்று மகுடேஸ்வரனால் படிக்க முடியவில்லை. பிரியாணியைப் படிக்க முடியாதவருக்கு மனுஷன் முகம் மட்டும் எப்படிப் பிடிபடும்?

“மொதல்ல ஊட்டுக்குப் போயி ஏதாச்சும் சாப்புடுங்க” என்றார் கிட்டுசாமி கடைசியில். “வெறும் வயித்துலதான் இந்த மாதிரியெல்லாம் தோணும். மயிலாத்தாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

*

கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கமே வீடு. கிட்டுசாமியின் மனைவி மயிலாத்தாள் வாசலுக்கே வந்து, “வாங்க தம்பி, வா கண்ணு” என்று கூப்பிட்டாள். பேச்சில் பிரியம் இருந்தது. முகத்தில் மட்டும் என்னவோ அவசரம். கூடத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் பின்கட்டுக் கதவை மறைத்தாற்போல நின்றுகொண்டாள்.

“ஆட்டைப் பத்தி உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா அக்கா?”

“எனக்கென்னங்க தம்பி தெரியும்? நானு சமையக்கட்டு உண்டு, தையல் மெஷின் உண்டுன்னு இருக்கறவ.” சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. “தண்ணி குடிக்கறீங்களா? காப்பி?”

“வேண்டாமுங்க. கெளம்பறோம்.”

அவர் எழுந்ததுதான் தாமதம், மயிலாத்தாள் பதறிப்போனாள். ஊருக்குள் ஒரு மனுஷன் அவள் வீட்டில் வாய் நனைக்காமல் போனான் என்று இதுவரை பேச்சில்லை.

“ஐயோ, அதெப்படிங்க? முதமுத ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வாயோட போறதா? இட்லி தீந்து போச்சு. மாவும் இல்லை. செத்த இருங்க, செத்த இருங்க.” உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பிரிட்ஜ் கதவு திறந்து மூடியது. இரண்டு தட்டுகளோடு வந்தாள். “இதையாச்சும் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க.”

வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேக வைத்த வில்லைகள். தொட்டால் நடுங்கின. மகுடேஸ்வரன் ஒன்றை வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது. ரிஜெக்ட் ஆனது, கண்டெய்னரை நிறுத்தியது, சோமனூர் மாப்பிள்ளை எல்லாம் அந்த நிமிஷம் மறந்து போயின. இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதுக்குக் கை நீட்டினார்.

“பிரமாதமுங்க அக்கா! சீம்பால் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு. இதைக் கடையில வாங்கவே முடியாதுங்களே. கன்னு போட்ட ஊட்டுல அக்கம்பக்கத்துக்குக் குடுத்தாத்தான் உண்டு. உங்க மாடு எப்பக் கன்னு போட்டுச்சுங்க?”

பாராட்டாகத்தான் கேட்டார். கடவுள் மேல் சத்தியமாக, அதில் துப்பறியும் எண்ணம் துளியும் இல்லை.

மயிலாத்தாள் பின்கட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாடா? மாடு... மாடெல்லாம் எப்பவோ வித்தாச்சுங்க.”

நாகஜோதி தன் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து, நாக்கில் வைத்து, மெல்ல நிமிர்ந்தாள்.

“கொஞ்சம் கெட்டியா இருக்கேன்னு பாத்தேன். இந்த வாசம் மாட்டுக்கு வராது. எங்க ஊர்ல ஆடு குட்டி போட்டா எங்கம்மா இதே மாதிரிதான் அவிச்சுக் குடுக்கும்.” மகுடேஸ்வரனைப் பார்த்தாள். “அண்ணே, சட்டையில பட்டி விட்டது எதுக்குன்னு தெரிஞ்சு போச்சுண்ணே. ஹீரோ கொழுக்கலை. மாசமா இருந்திருக்காரு.”

மகுடேஸ்வரன் வாயில் இருந்ததை விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் அது தடயம் என்று உறைத்தது. தடயத்தை உறை போட்டுப் பத்திரப்படுத்துவார்கள் என்று படித்திருக்கிறார். இரண்டு வில்லையை ஏற்கனவே பத்திரப்படுத்தியாகிவிட்டது. மூன்றாவது கையில் இருந்தது. வழக்கின் நன்மைக்காக அதையும் சாப்பிட்டார்.

“அக்கா,” என்றார் மிகவும் மரியாதையாக, “அந்தக் கதவைக் கொஞ்சம் தொறக்கறீங்களா?”

*

பின்கட்டு அறையில் ஜன்னலுக்குத் திரை போட்டு, மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரை முழுக்க, பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியை மெத்தை போலப் பரப்பியிருந்தார்கள். அதன் நடுவில், நெற்றியில் நிஜச் சுட்டியோடு, இன்ஸ்பெக்டர் தழைச்சாமி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தி நிதானமாக, உதட்டை இப்படி இப்படி அசைத்து. ஏதோ நீண்ட வசனம் பேசுவது போலவே இருந்தது.

பக்கத்தில் இரண்டு குட்டிகள். இரண்டும் வெளிநாட்டுக்குப் போக முடியாமல் ரிஜெக்ட் ஆன கைக்குழந்தைச் சட்டை போட்டிருந்தன. ஒன்றின் நெஞ்சில் யானை. மற்றதில் பாதி அழிந்த ஒட்டகச்சிவிங்கி.

“முந்தாநேத்துப் பொறந்துச்சுங்க” என்றாள் மயிலாத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் அவளுக்குக் குரலே தெளிந்துவிட்டது. “ரெண்டும் வயிறு முட்டக் குடிச்ச மிச்சத்துலதான் அந்தச் சீம்பாலு. கீழ ஊத்த மனசு வருதா? அவிச்சு வெச்சேன். உங்களுக்குக் குடுத்துட்டு நானே மாட்டிக்கிட்டேன்.”

“அந்த இன்னொரு ஆடு?”

“இதோட தங்கச்சிங்க. குன்னத்தூர்த் தோட்டத்துல இருந்து கொண்டாந்தேன். நெத்தியில மட்டும் வெள்ளை இல்லை. பிரிண்டிங் செக்ஷன்ல ஒரு டப்பாப் பசை எடுத்தாந்து நானே போட்டு உட்டேன். தண்ணியில நனைச்சு உரிச்சா வந்துரும், கையில போட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன்.” கொஞ்சம் பெருமையாகவே கேட்டாள்: “பிரிண்ட்டு நல்லா வந்திருக்குதுங்களா தம்பி?”

“கோணல் இல்லைங்க. ஆனா சூடு காட்டோணும்” என்றார் முன்னாள் க்யூ.சி.

“ஏன் மறைச்சீங்கம்மா?” என்று நாகஜோதி கேட்டாள்.

“ஆடு நடிக்க முடியாதுன்னு தெரிஞ்சா, அவிய அப்பா அன்னைக்கே படத்தை நிறுத்திப் போடுவாரு. புள்ளைகிட்டச் சொன்னா, அவ மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். ரெண்டும் ஆடுதான, வாயை அசைச்சாப் போதும்னு நெனச்சேன். தங்கச்சிக்காரிக்கு நடிப்பே வருலீங்க.”

அப்போது தேஜஸ்ரீ ஓடிவந்தாள். வாசலிலேயே நின்றாள். “சிட்டு!”

ஒரு நிமிஷம் அவள் முகத்தில் விளக்குப் போட்டது போல இருந்தது. உள்ளே பாய்ந்து ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தாள். “அம்மா, இங்கயா இருந்துச்சு? வெயில் எறங்கறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே தடவை குதிச்சாப் போதும். எந்திரி சிட்டு, எந்திரி!”

கயிறு இறுகியதும் ஆடு முன்னங்காலை ஊன்றியது. பழகிய குரல், எழுந்திருக்கத்தான் பார்த்தது. ஒட்டகச்சிவிங்கிக் குட்டி மடியிலிருந்து நழுவிக் கத்தியது.

“கண்ணு.” மயிலாத்தாள் கயிற்றின் மேல் கை வைத்தாள். சத்தம் போடவில்லை. “ஒன்னையப் பெத்தப்ப கம்பெனி அப்பத்தான் தொடங்குனது. மொத ஆர்டரு. பச்சை ஒடம்போட நானு மெஷின்ல ஒக்காந்தேன். ஆரும் என்னைய ஒக்காருன்னு சொல்லலை. எந்திரிச்சுப் போயிப் படுன்னும் ஆரும் சொல்லலை. இதுக்காச்சும் ஒருத்தி சொல்லோணும்ல?”

தேஜஸ்ரீ கயிற்றைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். கட்டிங் வேஸ்ட் மெத்தையில் அப்படியே உட்கார்ந்து, கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டாள். குட்டியை எடுத்து ஆட்டின் மடியில் விட்டபோது அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு ஒட்டகச்சிவிங்கியின் மேல் விழுந்தது.

“படம் வேண்டாம்மா. நாளைக்கு டேபிளுக்குப் போறேன்.”

மகுடேஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீசை மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. நாகஜோதி ஒரு கட்டிங் வேஸ்ட் துண்டை நீட்டினாள். அவள் வாயில் நக்கல் வராத நேரம் என்று ஒன்று இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வாசலில் செருமல் சத்தம். கிட்டுசாமி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, ஆட்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பார்த்த ஆட்டின் முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தினார்.

“படுத்துக்க சாமி, படுத்துக்க. ஒன்னைய ஆரும் கூப்புடலை.”

ஆட்டிடம்தான் சொன்னார். மயிலாத்தாள் மேசை விசிறியின் திசையைத் தேவையே இல்லாமல் திருப்பி வைத்தாள்.

பிறகு கிட்டுசாமி மகளைப் பார்த்தார். “அப்ப படம் நின்னு போச்சா?”

“நின்னு போச்சுங்கப்பா.”

“கடைசி சீனு?”

“அதான் இல்லீங்களே.”

“அதெப்படிக் கண்ணு?” அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. “கடைசி சீனு இல்லைன்னா அந்தச் சாம்பிளை ஆரு திருடுனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது.

“உங்களுக்கு எப்படிங்கப்பா கதை தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மேல ஆபீஸ் கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான இருக்கேன்? பேச்சுக் கேக்காதுன்னு ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கறது.”

“ஆர்டர் சோலி பாக்கறீங்கன்னுல்ல நானு காப்பி குடுத்து உட்டேன்!” என்றாள் மயிலாத்தாள்.

“எனக்கு அந்த வாத்து மேலதான் சந்தேகம்” என்றார் கிட்டுசாமி, மனைவியைக் கண்டுகொள்ளாமல். “மூஞ்சியே சரியில்லை. இன்னைக்குத் தெரிஞ்சுரும்னு பிரியாணியெல்லாம் போட்டு ஒக்காந்திருந்தேன். இவரு வந்து ஆடே இல்லைங்கறாரு. பொக்குன்னு போயிருச்சு.” வேட்டியை உதறினார். “ஞாயித்துக்கிழமை ஷிப்டு வேண்டாம். ஆர்டரு லேட்டுன்னு சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போட்டுக்கலாம். குட்டிக பால் மறக்கட்டும். அப்புறம் எடு. ஆனா மேல இருந்து குதிக்கறதெல்லாம் கூடாது. நடந்து வந்து புடிக்கட்டும். எந்த இன்ஸ்பெக்டருங்க குதிக்கறாரு?”

தேஜஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் விக்கலுமாகத் தலையை ஆட்டினாள்.

“சரி, அதுவரைக்கும் என்னால தாங்க முடியாது” என்று கிட்டுசாமி காதை அவள் பக்கம் சாய்த்தார். “சொல்லிப்போடு. ஆரு?”

அவள் கையால் மறைத்துக்கொண்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். கிட்டுசாமியின் கண் அகன்றது. தொடையில் ஒரு அடி அடித்தார்.

“அடப்பாவி! அவனா? அவனை நம்பித்தான நாய் சாவியையே குடுத்துச்சு!”

மகுடேஸ்வரன் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்துவிட்டார். “ஆருங்க?”

அதற்குள் மகள் அம்மா பக்கம் திரும்பிவிட்டாள். மயிலாத்தாளும் குனிந்து கேட்டுக்கொண்டு, “அதான பாத்தேன்” என்றாள்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பியபோது நாகஜோதி பின்னாலிருந்து கேட்டாள்: “அண்ணே, நிஜக் கேஸைக் கண்டுபுடிச்சுட்டீங்க. அந்தச் சினிமாத் திருடன் ஆருன்னு ஒரு யூகம் கூடவா இல்லை?”

“இருக்குதுங்க.”

“ஆரு?”

“வாத்து” என்றார் மகுடேஸ்வரன்.

கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வாத்து அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருக்கும் என்று நாகஜோதி பெருமாநல்லூர் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.